ஜமக்காளத்துக்காகச் சேலையை வெட்டலாமா?

2019-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி தொடங்கி 48 நாட்கள் காஞ்சிபுரம் ஜனசமுத்திரமாக இருந்தது. வரதராஜப் பெருமாள் கோயில் திருக்குளத்திலிருந்து 40 வருஷங்களுக்கு ஒரு முறை வெளியே எழுந்தருளும் அத்தி வரதர், முதல் 31 நாட்கள் சயனக் கோலத்திலும் அடுத்த 17 நாட்கள் நின்ற கோலத்திலும் சேவை சாதித்தார்.

பக்தர்களுக்கு இரண்டு கோலமும் ஒன்றுதான். ஆனால், படம் பிடிப்பவருக்கு ஒன்றல்ல! சயனக் கோலம் திருமுடி முதல் திருவடி வரை தெரிய வேண்டுமானால் படம் அகலமாக இருக்க வேண்டும். நின்ற கோலம் தெரிய வேண்டுமானால் உயரமாக இருக்க வேண்டும். மாற்றிச் செய்தால் என்ன ஆகும்? படுத்திருக்கும் பெருமாளை உயரமான சட்டத்துக்குள் அடைத்தால் திருவடி விட்டுப்போகும். நின்றிருக்கும் பெருமாளைக் கொண்டு அகலமான சட்டத்தை நிரப்பினால் இடுப்புக்குக் கீழே சேவை கிடையாது.

இந்தச் சூட்சுமம் காஞ்சிபுரத்துச் சிற்பிகளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போனவர்கள், சிங்கத் தூண்கள் நிற்கும் திருச்சுற்று மண்டபத்தைப் பார்த்திருப்பார்கள். எட்டாம் நூற்றாண்டில் நந்திவர்ம பல்லவ மல்லன் காலத்தில், பல்லவர் சரித்திரத்தையே அந்தச் சுவரில் இரண்டு வரிசைகளாக நீளமாகச் செதுக்கி வைத்தார்கள். வம்சக் கதை நீளமான கதை. ஆகையால் நீளமான சட்டம். அதே ஊரில் ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரம் சுமார் 190 அடிக்கு வானளாவி நிற்கிறது. அதற்கு அண்ணாந்து பார்க்கும் சட்டம்.

விஷயத்துக்குத் தக்கபடி சட்டம். இது சின்ன நியாயந்தான். ஆனால் இன்றைக்கு நம் வீட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் டெலிவிஷனில் இந்த நியாயந்தான் தினந்தோறும் அடிபட்டுக்கொண்டிருக்கிறது.

கறுப்பாக என்ன அது?

பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீடு என்று வைத்துக்கொள்வோம். முன்கட்டில் தறி, கூடத்தில், தீபாவளிக்கு வந்து இறங்கிய 43 அங்குல டெலிவிஷன். முதல் நாள் மங்களகரமாக இருக்கட்டுமே என்று 'ராஜராஜ சோழன்' படத்தைப் போடுகிறார்கள். படம் ஆரம்பித்து ஐந்து நிமிஷம் ஆவதற்குள் ஆயா ஆட்சேபணை கிளப்புகிறாள்.

"என்னடா இது, மேலேயும் கீழேயும் கறுப்பா இருக்குது? இவ்வளவு காசை வாங்கிக்கிட்டுக் கால்வாசித் திரையை மூடியா விக்கறான்?"

"இரு ஆயா, சரி பண்றேன்" என்று பேரன் ரிமோட்டில் ஒரு பொத்தானை அமுக்குகிறான். கறுப்பு மறைகிறது. படம் திரை முழுவதும் நிரம்புகிறது. ஆயாவுக்குத் திருப்தி. பேரனுக்குப் பெருமை.

ஆனால், ராஜராஜனின் சபையில் இரண்டு ஓரத்திலும் உட்கார்ந்திருந்தவர்கள் எங்கே? அவர்களைக் காணோம்!

ஆயாவின் கணக்கு தப்பில்லை. திரையில் கால்வாசி கறுப்பாகத்தான் இருந்தது. பேரன் அந்தக் கறுப்பைப் போக்குவதற்குக் கொடுத்த விலை என்ன என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. படத்தின் அகலத்தில் கால்வாசி, அதாவது இடது பக்கம் எட்டில் ஒரு பங்கும் வலது பக்கம் எட்டில் ஒரு பங்கும், டெலிவிஷனுக்கு வெளியே போய்விட்டன.

காஞ்சிபுரம் காந்தி சாலையில் ஒரு பட்டுச் சேலைக் கடைக்குப் போகிறோம். கடைக்காரர் ஜமக்காளத்தின் மேல் சேலையை விரித்துக் காட்டுகிறார். சேலைக்கு இரு புறமும் ஜமக்காளம் கொஞ்சம் தெரிகிறது. "ஐயையோ, ஜமக்காளம் தெரிகிறதே!" என்று யாராவது சேலையைப் பிடித்து இழுப்பார்களா? அல்லது பெரிய சேலையாக எடுத்து, ஜமக்காளத்துக்கு வெளியே தொங்கும் கரையைக் கத்தரித்து விடுவார்களா?

அந்தக் கறுப்புப் பட்டைதான் ஜமக்காளம். படந்தான் சேலை.

கொசுவி வைத்த படம்

படங்கள் ஏன் இப்படி ஆளுக்கொரு அளவில் இருக்கின்றன? எல்லாரும் ஓர் அளவில் எடுத்துத் தொலைத்தால் என்ன? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல 130 வருஷத்துக் கதையைச் சுருக்கமாகப் பார்க்க வேண்டும்.

சினிமாவின் ஆதிகாலத்தில், அமெரிக்காவில் எடிசனின் சோதனைச் சாலையில் வேலை பார்த்த டிக்ஸன் என்பவர் 35 மில்லிமீட்டர் பிலிமில் ஒவ்வொரு படத்துக்கும் நான்கு துளை உயரம் என்று வைத்தார். அதனால் படத்தின் அகலம் 4 என்றால் உயரம் 3 என்ற கணக்கு வந்தது. பேசும் படம் வந்து, பிலிமின் ஓரத்தில் ஒலிக்கு இடம் ஒதுக்கிய பிறகும் இந்தக் கணக்கு பெரிதாக மாறவில்லை. நம் தமிழ்ப் படங்களும் 1970-கள் வரை பெரும்பாலும் இந்தக் கிட்டத்தட்டச் சதுரமான சட்டத்துக்குள்தான் ஆடிப் பாடி அழுதன.

பிறகு டெலிவிஷன் வந்தது. அதுவும் சினிமாவைப் பார்த்து 4-க்கு 3 என்றே சட்டம் போட்டுக்கொண்டது. அமெரிக்காவில் ஜனங்கள் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள், கொட்டகைகள் காலியாயின. சினிமாக்காரர்கள் யோசித்தார்கள். வீட்டுப் பெட்டியில் கிடைக்காத ஒன்றைக் கொட்டகையில் காட்ட வேண்டும். அது என்ன? அகலம்!

ஆனால், பிலிமின் அகலம் 35 மில்லிமீட்டர்தானே? தறியில் பாவு ஏறிவிட்ட பிறகு துணியின் அகலத்தைக் கூட்ட முடியாது. அதே சங்கடம் இங்கேயும். இதற்கு வழி கண்டவர் ஆன்ரி கிரெத்தியன் என்ற பிரெஞ்சுக்காரர். 1920-களிலேயே அவர் ஒரு லென்ஸ் செய்து வைத்திருந்தார். அது எதிரே இருக்கும் காட்சியை அகலவாட்டில் மட்டும் பாதியாக நெருக்கிப் பிலிமில் அடக்கிவிடும். பிலிமைக் கையில் எடுத்துப் பார்த்தால் எல்லாரும் கொக்குப்போல நெட்டையாகவும் ஒல்லியாகவும் தெரிவார்கள். கொட்டகையில் இன்னொரு லென்ஸ் அதை மறுபடியும் இரு மடங்கு அகலமாக விரித்துவிடும். ஆறு கெஜத்தைக் கொசுவி இடுப்பில் அடக்குவதும், பிறகு அவிழ்த்து விரிப்பதும் போலத்தான்.

இந்த லென்ஸை அமெரிக்காவின் ஃபாக்ஸ் கம்பெனி எடுத்துக்கொண்டு, 1953-இல் 'தி ரோப்' என்ற படத்தை வெளியிட்டது. அதுதான் முதல் சினிமாஸ்கோப் படம். இந்தியாவில் குரு தத், 1959-இல் 'காகஸ் கே பூல்' படத்தை, வி. கே. மூர்த்தியின் ஒளிப்பதிவில், கறுப்பு வெள்ளையில் சினிமாஸ்கோப்பாக எடுத்தார். தமிழுக்கு அந்த அகலம் வந்து சேர 1973 ஆயிற்று. ஜி. உமாபதி தயாரித்து, ஏ. பி. நாகராஜன் டைரக்ட் செய்து, சிவாஜி கணேசன் நடித்த 'ராஜராஜ சோழன்'தான் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். சோழ சாம்ராஜ்யத்தைக் காட்ட அகலம் வேண்டியதுதானே!

சினிமாஸ்கோப் என்றால் உயரம் 1 அடிக்கு அகலம் ஏறத்தாழ 2.35 அடி. பழைய படத்துக்கு 1.33 அடிதான். கொட்டகையில் செய்திப் படம் முடிந்து சினிமாஸ்கோப் ஆரம்பிக்கும்போது, திரையின் இரு பக்கமும் உள்ள கறுப்புத் துணிகள் விலகி வெள்ளைத் திரை விரிந்துகொண்டே போகும். அதைப் பார்ப்பதே ஒரு தனி ஆனந்தம்.

சிறுத்துப்போன பிரம்மாண்டம்

இங்கேதான் ஒரு வேடிக்கை. கொட்டகையில் அகலம் கூடினால் படம் பெரிதாகிறது. வீட்டிலோ, அகலம் கூடினால் படம் சிறுத்துப்போகிறது!

கொட்டகைத் திரை பக்கவாட்டில் விரியும். நம் டெலிவிஷன் விரியாது. அது வாங்கி வந்த அளவில்தான் இருக்கும். அகலமான படம் அதற்குள் அடங்க வேண்டுமானால் உயரத்தைக் குறைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

சென்னையில் 1975 ஆகஸ்ட் 15-இல் தூர்தர்ஷன் ஒளிபரப்பு தொடங்கியபோது நம்மிடம் இருந்தவை 4-க்கு 3 பெட்டிகள். அதற்குப் பின் முப்பது வருஷங்களுக்கு மேல் அந்தச் சதுரந்தான் நம் வீட்டுக் கொட்டகை. காஞ்சிபுரத்தில் பிறந்த அறிஞர் அண்ணாவின் பிறந்த நாளான செப்டம்பர் 15-இல், 2006-ஆம் ஆண்டு, தமிழக அரசு இலவசக் கலர் டெலிவிஷன் வழங்கத் தொடங்கியது. குடிசைகளுக்குள்ளும் போய்ச் சேர்ந்த அந்த 14 அங்குலப் பெட்டியும் சதுர வம்சந்தான்.

அந்தப் பெட்டிகளில் சினிமாஸ்கோப் படத்தைத் திரை நிறையக் காட்ட வேண்டுமென்று, வீடியோ கேசட்காரர்களும் டெலிவிஷன்காரர்களும் படத்தின் பக்கங்களை வெட்டினார்கள். பத்து ரூபாய்க்கு நான்கு ரூபாய்க்கு மேல் வெட்டு! படத்தில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று வாதாடினால், நமக்குத் தெரிந்தது நடுவில் இருந்த பூஜாடி. குரல் மட்டும் இரு பக்கத்திலிருந்தும் வந்தது.

அட்டை வெட்டிய ஆராய்ச்சி

இந்தச் சண்டைக்கு ஒரு சமாதானம் வேண்டாமா? 1980-களில் அமெரிக்காவில் கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற எஞ்ஜினீயர் ஒரு காரியம் செய்தார். அப்போது வழக்கத்தில் இருந்த எல்லாச் சட்டங்களுக்கும் ஒரே பரப்புள்ள அட்டைகளை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக நடு மையம் பொருந்த அடுக்கினார். எல்லா அட்டைகளையும் உள்ளே அடக்கும் பெரிய சட்டம் ஒன்று தெரிந்தது. எல்லா அட்டைகளுக்கும் பொதுவான சின்னச் சட்டமும் ஒன்று தெரிந்தது. ஆச்சரியம் என்னவென்றால், இரண்டுக்கும் அகல உயர விகிதம் ஒன்றே: ஏறத்தாழ 1.77. அதுதான் 16-க்கு 9. இன்று கடையில் விற்கும் டெலிவிஷன் அநேகமாக எல்லாம் இந்த அளவுதான்.

ஆக, இது யாருக்கும் முழுச் சொந்தமில்லாத மத்தியஸ்தர் சட்டம். சினிமாஸ்கோப் வந்தால் மேலும் கீழும் கொஞ்சம் இடம் மீதி. பழைய படம் வந்தால் இடமும் வலமும் கொஞ்சம் இடம் மீதி. மத்தியஸ்தர் என்றால் இரண்டு பக்கத்துப் பேச்சையும் கேட்டுக்கொள்ளத்தானே வேண்டும்?

சலங்கை எங்கே?

சினிமாஸ்கோப்பை வெட்டுவது ஒரு குற்றம் என்றால், பழைய படத்தை வெட்டுவது அதைவிடப் பெரிய குற்றம். ஏனென்றால் அங்கே வெட்டு விழுவது தலையிலும் காலிலும்.

ஆனந்த விகடனில் கொத்தமங்கலம் சுப்பு தொடர்கதையாக எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்' 1968-இல் படமாக வந்தது. டைரக்டர் அதே ஏ. பி. நாகராஜன். கதாநாயகன் அதே சிவாஜி. ஆனால் சட்டம் வேறு: பழைய சதுரச் சட்டம். நாட்டியம் என்பது நின்ற கோலக் கலை அல்லவா? உச்சியில் நெற்றிச்சுட்டி, நடுவில் அபிநயம் பிடிக்கும் கை, அடியில் சலங்கை கட்டிய கால். பத்மினியின் முழு உருவமும் தெரிய ஆடும் இடத்தில், அந்தச் சதுரம் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஐந்து வருஷம் கழித்துச் சோழனின் ராஜசபைக்கு அகலச் சட்டத்தை எடுத்தவரும் அவர்தான். எதற்கு எது என்று தெரிந்துதான் செய்தார்.

இந்தச் சதுரப் படத்தை, கறுப்புத் தெரியக் கூடாது என்று 16-க்கு 9 திரையில் பெரிதாக்கி நிரப்பினால், உயரத்தில் கால் பங்கு போய்விடும். நெற்றிச்சுட்டியை வைத்துக்கொண்டால் சலங்கை போச்சு. சலங்கையை வைத்துக்கொண்டால் நெற்றிச்சுட்டி போச்சு. ஜதி காதில் விழும். கால் கண்ணில் படாது. தில்லானாவில் காலைக் காணோமென்றால் மிச்சம் என்ன இருக்கிறது?

இது வீட்டோடு நிற்கும் விஷயமும் அல்ல. பி. ஆர். பந்துலு 1964-இல் எடுத்த 'கர்ணன்', 2012-இல் வர்ணமும் ஒலியும் புதுப்பிக்கப்பட்டு, சினிமாஸ்கோப்பாக மாற்றப்பட்டுத் திரும்பவும் வெளிவந்து பெரும் வெற்றி பெற்றது. பாட்டன் பார்த்த படத்தைப் பேரன் கொட்டகையில் விசில் அடித்துப் பார்த்தான். அந்தப் புண்ணியத்தை யாரும் மறுக்க முடியாது. ஆனால், கணக்கு என்று ஒன்று இருக்கிறது. ஒரு சதுரப் படத்தின் அகலம் முழுவதையும் வைத்துக்கொண்டு அதைச் சினிமாஸ்கோப்பாக ஆக்க வேண்டுமானால், உயரத்தில் நூற்றுக்கு நாற்பது பங்குக்குக் குறையாமல் தள்ளிவிட வேண்டும். கிரீடம் வைத்த ராஜாக்கள் நிறைந்த புராணப் படத்தில் அந்த நாற்பது பங்கு எங்கேயிருந்து வரும்? வர்ணத்தைப் புதுப்பிக்கும் கைகள், சட்டத்தையும் அப்படியே விட்டுவைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

பொட்டுச் சோதனை

வெட்டாமல் திரையை நிரப்ப இன்னொரு குறுக்கு வழியும் உண்டு. அதுதான் இழுப்பது. சதுரப் படத்தை இரு பக்கமும் பிடித்து இழுத்தால் 16-க்கு 9 திரை நிறைந்துவிடும். ஒன்றும் வெட்டுப்படாது. ஆனால் எல்லாருக்கும் திடீரென்று உடம்பு போட்டுவிடும்! ஒட்டிய வயிற்றோடு நடித்த ஏழைக் குடியானவன், தினம் மூன்று வேளை நெய்ச் சாதம் சாப்பிட்டவன்போலத் தெரிவான்.

உங்கள் வீட்டில் படம் இழுபட்டிருக்கிறதா என்று அறிய ஒரு சுலபமான பரீட்சை. கதாநாயகி நேரே பார்க்கும்போது அவள் நெற்றிப் பொட்டைக் கவனியுங்கள். வட்டமாக இருந்தால் படம் சரி. பூசணி விதைபோலப் படுத்திருந்தால் படம் இழுபட்டிருக்கிறது. மாட்டு வண்டிச் சக்கரம், சந்திரன், வெள்ளி ரூபாய் எதை வேண்டுமானாலும் பார்க்கலாம்.

வெட்டுக்கும் இழுப்புக்கும் முக்கியமான ஒரு வித்தியாசம் உண்டு. இழுத்ததைத் திரும்ப நெருக்கிவிடலாம். சானல்காரர் இழுத்தே அனுப்பினாலும், உங்கள் ரிமோட்டில் 'பிக்சர் சைஸ்' அல்லது 'ஆஸ்பெக்ட் ரேஷியோ' என்ற இடத்துக்குப் போய் 4:3 என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஆட்கள் பழைய உடம்புக்கு வந்துவிடுவார்கள். வெட்டியது அப்படியல்ல. சானல்காரர் வெட்டி அனுப்பினால் உங்கள் டெலிவிஷன் எவ்வளவு உசத்தியானாலும் சலங்கை திரும்பி வராது. கரையை வெட்டிய சேலைக்குக் கரை மறுபடி முளைக்குமா?

ஆகையால், ரிமோட்டில் 'ஜூம்' என்று இருப்பதைத் தொடாதீர்கள். சாதாரணமாக 16:9 அல்லது 'ஒரிஜினல்' என்பதில் விட்டுவிடுங்கள். 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' என்று ஒன்று இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். பழைய கண்ணாடிக் குழாய்ப் பெட்டிகள் படத்தின் ஓரங்களைக் கொஞ்சம் மறைத்துக் காட்டின. அந்தப் பழக்கத்தைப் புதுப் பெட்டிகள் சிலவும் விடவில்லை. இந்த ஏற்பாடு அதை நிறுத்தும்.

வாங்கப் போகிறீர்களா?

கடையில் சொல்லும் அங்குலம், திரையின் மூலைக்கு மூலை அளவு. அதை மட்டும் கேட்டுக்கொண்டு வந்துவிடக் கூடாது. சேலை வாங்கும்போது நீளத்தோடு அகலத்தையும் விசாரிப்பதில்லையா?

நம் பிள்ளையார்பாளையத்து 43 அங்குலப் பெட்டியையே எடுத்துக்கொள்வோம். திரையின் அகலம் சுமார் 37½ அங்குலம். உயரம் 21 அங்குலம். சினிமாஸ்கோப் படம் வந்தால் அகலம் முழுவதும் கிடைக்கும். உயரம் 16 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. பழைய படம் வந்தால் உயரம் முழுவதும் கிடைக்கும். அகலம் 28 அங்குலம். ஆக, சினிமாஸ்கோப் பிரியர்கள் பெட்டியின் அகலத்தைப் பார்க்க வேண்டும். பழைய படப் பிரியர்கள் உயரத்தைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு விசித்திரம்: பழைய 29 அங்குலச் சதுரப் பெட்டியில் கண்ணுக்குத் தெரிந்த பாகம் மூலைக்கு மூலை 27 அங்குலம் என்று கொண்டால், உயரம் 16 அங்குலத்துக்கு மேல். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு 32 அங்குலத்துப் புதுப் பெட்டி வாங்குகிறவருக்குக் கிடைக்கும் உயரம் 16-க்கும் குறைவு. பழைய படங்களைப் பொறுத்தவரை அவர் புதுப் பணம் கொடுத்துச் சின்னப் படம் வாங்கியிருக்கிறார்!

வசதியுள்ளவர்கள் புரொஜெக்டர் வைத்து வீட்டிலேயே கொட்டகை அமைக்கிறார்கள். அவர்களுக்குக் கொட்டகையின் பழைய தந்திரமே கைகொடுக்கும். உயரத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டு அகலத்தை மட்டும் மாற்றுவதுதான் அது. திரையின் உயரம் 4 அடி என்றால், அகலம் 9½ அடி இருக்கட்டும். சினிமாஸ்கோப்புக்குத் திரை முழுவதும். டெலிவிஷன் அளவுப் படத்துக்கு நடுவில் 7 அடி. 'தில்லானா மோகனாம்பாள்' போன்ற பழைய படத்துக்கு 5 அடி 4 அங்குலம். மீதி இடத்தை இரு புறமும் கறுப்புத் துணியால் மூடிவிடலாம். புரொஜெக்டரின் லென்ஸ் படத்தைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் இடம் கொடுக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். அங்கே 'ராஜராஜ சோழன்' தொடங்கும்போது துணி விலகும். அகலம் என்றால் பெரிசு என்ற பழைய நியாயம் வீட்டிலும் நிலைநாட்டப்படும்.

எல்லாருக்கும் அவ்வளவு இடமும் பணமும் கிடையாது. பரவாயில்லை. இருக்கும் பெட்டியிலேயே ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் படத்தைப் போடுங்கள். பத்து நிமிஷத்தில் அந்தக் கறுப்புப் பட்டை அறையின் இருட்டோடு இருட்டாகக் கரைந்துவிடும். பிறகு கண்ணுக்குத் தெரிவது டைரக்டர் வகுத்துக் கொடுத்த சட்டம் மட்டுமே.

கறுப்பைக் கண்டு "கால்வாசி போயிற்றே!" என்று அங்கலாய்க்கும் ஆயாக்களுக்குப் பேரன்கள் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: "கறுப்பு இருந்தா ஒண்ணும் போகலேன்னு அர்த்தம் ஆயா. படம் முழுசா இருக்குது!"